சார்ந்து வாழும் பிள்ளை

“சகோதரர் சாமுவேல் குடும்பத்தார் எழுந்து நிற்கவும்” என்று மைக்கில் பாஸ்டர் சொன்னதும், ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா எழுந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து பிரிசில்லா எழுந்தாள்.

அப்பா தோல் ஜாக்கெட் போட்டிருந்தார்.

ஆம்பூரில், மே மாதத்தில், தோல் ஜாக்கெட் போடுகிறவன் ஒன்று புத்தி பிசகியவனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆஸ்திரேலியா போகிறவனாக இருக்க வேண்டும். சாமுவேல் இதில் எந்த வகை என்று சபைக்குச் சந்தேகமில்லாமல் தெரிவிக்கத்தான் இன்றைய ஸ்தோத்திரக் காணிக்கை. ஷூ கம்பெனியில் அவர் லைன் சூப்பர்வைசர். பேச்சில் மட்டும் முதலாளி.

காணிக்கைக் கவரோடு அவர் எழுதிக் கொடுத்த அறிவிப்பு, அன்றைய பிரசங்கத்தைவிட நீளமாக இருந்தது. பெர்த் நகரில் நர்ஸாக இருக்கும் விஜயகுமாரி தன் கணவரையும், “தன்னைச் சார்ந்து வாழும் பிள்ளையையும்” அழைத்துக்கொள்ளக் கர்த்தர் விசா கொடுத்தபடியால் என்று பாஸ்டர் மூச்சு வாங்கி வாசித்தார்.

பிள்ளை என்ற இடத்தில் கண்ணாடியைச் சரிசெய்து ஒருமுறை பார்த்தார். பிள்ளைக்கு வயது இருபத்துநாலு.

பிள்ளையாகவே இருப்பது லேசான வேலையா என்ன? படித்துக்கொண்டே இருக்க வேண்டும், சம்பாதிக்கக்கூடாது, கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்று வேலூர் விசா ஏஜென்ட் கறாராகச் சொல்லிவிட்டார். பி.காம். முடித்தாள். அடடா, முடித்துவிட்டாளே என்று எம்.காம். சேர்த்தார்கள். அதுவும் முடிந்து தொலைந்தது. இப்போது ஏதோ ஒரு டிப்ளமோ. அது எதைப் பற்றியது என்று அப்பாவுக்கும் தெரியாது, நடத்துகிறவர்களுக்கும் தெரியாது. ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டும் பிரிவில் அவளுக்குக் கிடைத்த வேலையை அப்பாவே நேரில் போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார்.

அம்மாவை நேரில் பார்த்து ஐந்து வருஷம். வீடியோ காலில் பாதி நேரம் அவள் நெற்றிதான் தெரியும். “சீக்கிரம் வந்துடு கண்ணு” என்று அந்த நெற்றி சொல்லும்.

அதே பேட்டர்ன் பிரிவில்தான் ஜோசுவா வேலை செய்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, பிரிசில்லாவை எனக்குக் கட்டிக்கொடுங்கள் என்று கேட்டான். அப்பா முதலில் போய்க் கதவைச் சாத்தினார்.

“மெதுவா பேசுப்பா. கொழந்தைய போய் கல்யாணத்துக்குக் கேக்கறியே, எம்பசிக்காரன் காதுல வுழுந்தா இன்னா ஆவறது? விசா வரட்டும்.”

டெல்லியில் இருக்கும் எம்பசிக்கு ஆம்பூர்ப் பேச்சு கேட்கும் என்று அவர் மனதார நம்பினார்.

ஜோசுவா காத்திருந்தான். யாரோடும் எனக்குத் திருமண ஏற்பாடு இல்லை என்று பிரிசில்லா நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவளை பைக்கில் அங்கே கொண்டுபோய் விட்டதே ஜோசுவாதான்.

போன வாரம் விசா வந்தது. அங்கே போய் இறங்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று சொல்ல அவள் ஜோசுவாவுக்கு போன் செய்துகொண்டே இருந்தாள். அவன் எடுக்கவில்லை. ஓவர்டைம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பாஸ்டர் ஜெபித்தார். விமானம், அதன் இறக்கைகள், அதை ஓட்டப்போகிறவர் என்று ஒன்றையும் விடாமல் ஆண்டவர் கையில் ஒப்படைத்தார். ஆமென். ஜாக்கெட் கிறீச்சிட அப்பா உட்கார்ந்தார்.

பாஸ்டர் அடுத்த தாளை எடுத்தார்.

“விவாக அறிவிப்பு, முதலாம் முறை. நமது சபையைச் சேர்ந்த ஜோசுவாவுக்கும், பேரணாம்பட்டு சபையைச் சேர்ந்த ஜாஸ்மினுக்கும்...”

உட்காரப் போன பிரிசில்லா அப்படியே நின்றாள்.

பெண்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இது சபை முழுக்கத் தெரிந்த சமாச்சாரம். குழந்தையிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சில் ஜோசுவா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

“இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் எழுந்து அறிவிக்கலாம்” என்று வாசித்து முடித்துவிட்டு பாஸ்டர் நிமிர்ந்தார்.

சபையில் ஒரே ஒருத்தி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

அவருடைய ஊழிய காலத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் நின்றதில்லை. கேட்பதுதான் வழக்கம், பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கமில்லை. இன்று காத்திருக்க வேண்டியதாயிற்று.

“என்னம்மா?”

இன்றைய ஆராதனையை விஜயகுமாரி பெர்த்திலிருந்து நேரலையில் பார்க்க வேண்டுமென்று அப்பா சொல்லிவைத்த கேமரா, இன்னும் பிரிசில்லாவின் முகத்தில்தான் நின்றது. வாயைத் திறந்தால் நோட்டரி முன்னால் போட்ட கையெழுத்து பொய்யாகிவிடும். விசா போய்விடும். அம்மா காலத்துக்கும் நெற்றியாகவே இருந்துவிடுவாள்.

அவள் வாயைத் திறந்தாள்.

ஆண்கள் பக்கத்தில் ஜாக்கெட் கிறீச்சிட்டது.

“ஒண்ணுமில்ல ஐயா” என்றார் அப்பா, சிரித்த முகமாக. “ஒக்காருன்னு யாரும் சொல்லலல்ல, அதான் கொழந்த நிக்குது. நீங்க படிங்க.”

சபை சிரித்தது. அதில் கெட்ட எண்ணமெல்லாம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஏதாவது செய்தால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்புதான்.

பக்கத்திலிருந்த சௌந்தரம் அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பிறகு, ஆராதனையில் அழப்போகிற பிள்ளைகளுக்கென்று பர்ஸில் வைத்திருக்கும் மிட்டாயில் ஒன்றை எடுத்து, யாரும் பார்க்காமல் அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

பிரிசில்லா சத்தம் வராமல் காகிதத்தைப் பிரித்து, அதை வாயில் போட்டுக்கொண்டாள்.