செலின் பாடியதன் பொருள்

புதுச்சேரியின் அந்த ஜாஸ் அரங்கில், மேடைக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு திரையை மாட்டியிருந்தார்கள். கைக்குழந்தையின் அழுகைக்கும் பொருள் எழுதிக் காட்டுகிற அந்தத் திரை இப்போது எல்லா வீட்டிலும் உண்டு. ‘துபா துபிதூ’ என்று சொல்லே இல்லாமல் பாடும் தனக்கு அது எதை எழுதிவிடப்போகிறது என்று செலின் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பாட்டின் நடுவே, காதலித்த நாட்களில் அந்துவான் அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று சீட்டியடித்த மெட்டை வழக்கம்போல் நுழைத்தாள். இப்போது அவன் அவள் கணவன், அவளுக்கு டிரம்ஸ் வாசிக்கிறவன். அவனுக்கு மட்டும் புரிகிற அந்தக் குறும்புக்கு உடனே தடதடவென்று பதில் கொடுப்பான். இன்று டிரம்ஸ் நின்றுவிட்டது.

இடைவேளையில் கேட்டான். “எப்ப முடிவு பண்ணுன?”

“என்னத்த?”

“‘இனி என் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்காதே’ன்னு திரையில வந்துச்சு.”

“லூசா நீ? அது வெறும் சத்தம்டா.”

“நம்ம பாப்பாவுக்குக் காது வலின்னு டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே சொன்னது வீட்டுல இருக்குற இதே திரைதான்.”

“அப்ப பாப்பாவும் ஜாஸ் பாடுச்சா?”

அவன் சிரிக்கவில்லை. “இன்னொரு வாட்டி பாடு” என்றான்.

அவன்மீது மனத்தாங்கல் ஏதும் இருக்கிறதா என்று அவள் தேடிப் பார்த்தாள். இல்லை என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த வரி அவளுக்கு அந்நியமாகவும் இல்லை.

மேடையேறி அதே மெட்டை எடுத்தாள். கூட்டம் திரையைப் பார்த்தது. அந்துவானும் பார்த்தான். எப்போதும் கண்ணை மூடியே பாடுகிற செலினும், பாடியபடியே அந்தப் பக்கம் திரும்பிப் படிக்கத் தொடங்கினாள்.