நாடா இல்லாத பைஜாமா

பல் தேய்க்கிறேன், பால் காய்ச்சுகிறேன், ஜன்னலைத் திறக்கிறேன். சாப்பாட்டைக் கண்டாலே நடுங்கும் என் மனைவியை இன்று அதற்கான மருத்துவமனையில் சேர்க்கிறோம். அவள் பெட்டியை மூடுகிறாள், திறக்கிறாள், மடித்த துணியையே மறுபடி மடிக்கிறாள். யாரும் தன்னையே ஏதும் செய்துகொள்ளக் கூடாதென்று, நாடா வைத்த உடைக்கு அங்கே அனுமதியில்லை. உருவிவிட்டால் பைஜாமா அவள் இடுப்பில் நிற்காது. கட்டிலோரம் உட்கார்ந்து அதன் இடுப்பைப் பிடித்துத் தைக்கிறேன். "டெய்லரே, கூலியெல்லாம் கிடையாது," என்கிறாள். "தெரியும். கொஞ்சம் உக்காரேன்." உட்காரவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு, வெயில் விழும் இடமாகப் பார்த்து மாறி மாறி நிற்கிறாள். கீழே, மருத்துவமனைக்குப் போக வரச்சொன்ன கார் ஹாரன் அடிக்கிறது. அந்தக் காரில், போகும் வழியில், தூங்குகிறாள் என்று நான் நினைத்திருக்க, அவள் இறந்துபோனாள். கடைசியாகப் பேசியது இந்த அறையில்தான், என் தையலை விரலால் இழுத்துப் பார்த்தபடி: "ரொம்பப் பிடிச்சுடாதீங்க. திரும்பி வர்றப்ப எனக்குப் பத்தாது."