தெருப் பெயர்

"ஊர் பேரு மட்டும்தான் இருக்கு. தெருப் பேரு எழுதலியேம்மா," என்றார் கிளார்க் வீரமணி. பெரியநாயகி தலைமையாசிரியர் கலையரசனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தியாகதுருகம் பக்கத்தில் பெயரெடுத்த தனியார் பள்ளி அது. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் அவள் மகள் எழில்மதிக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. வேறு தெருப் பிள்ளை வாங்கியிருந்தால் இந்நேரம் வாசலில் பேனர் கட்டியிருப்பார்கள்.

கலையரசன் விண்ணப்பத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "காலனிக்கு நம்ம வேன் போவாது. சீட்டும் முடிஞ்சிடுச்சு. சொல்லி அனுப்புங்க வீரமணி."

"வேன் வேணாங்க, நடந்தே வந்துடும். எங்க ஊர்ல எட்டு கிளாசுக்கும் ரெண்டே டீச்சருங்க. கரும்பு வெட்டியாவது ஃபீசு கட்டிடறேன். நீங்க மனசு வெச்சா நடக்கும் சார்."

"நான் இன்னா பண்ண முடியும்? காலனிப் புள்ளைய சேத்தா மத்தவங்க டி.சி. கேப்பாங்க. தாளாளர் என்னைத்தான் புடிப்பாரு." சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்த மனிதர், அதுவும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர். எந்த ஜாதித் திமிர் இவரை இப்படிப் பேச வைக்கிறது? வீரமணிக்கே பாவமாகத்தான் இருந்தது, ஆனால் மாதச் சம்பளக்காரர் என்ன பேசிவிட முடியும்?

வெளியே பெஞ்சில் எழில்மதி உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்துப் பின்னிய சடையும் புதுச் செருப்புமாக, அம்மா எப்போது கூப்பிடுவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது?

தாளாளர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. வீரமணி எழுந்து போனார்.

அறையில் இரண்டு பேர்தான் மிச்சம். பெரியநாயகி விண்ணப்பத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். கதவுவரை போனவள் நின்று, வெளியே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"பாப்பா அங்கியே படிச்சிக்கட்டும், வுடு. நம்ம அம்மா கண்ண மூடறதுக்குள்ள, இருட்டுனப்புறமாவது ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போடா தம்பி."