ஏழு சுற்று

"மனுசங்க கையால காரு ஓட்டி இருபது வருசமாச்சு! உனக்கெதுக்குடி ஸ்டீயரிங்கு?" சாந்தாமணி போட்ட கத்தல் பீளமேடு முழுக்கக் கேட்டது.

"பெத்தவங்க யாராச்சும் பக்கத்துல உக்காந்து ஏழு சுத்து வந்தாத்தான் ரேஸ் லைசென்ஸும்மா!" பதினைந்து வயது மகிழினியும் விடவில்லை.

மகள் இரண்டு நாள் சோறு தொடாததால் சாந்தாமணி பந்தயத் தடத்துக்கு வந்து அவள் பக்கத்தில் காரில் ஏறினாள். முதல் வளைவிலேயே, "காரே, மெதுவாப் போ!" என்று, தானாக ஓடும் வீட்டுக் காரிடம் சொல்வதுபோல் கட்டளையிட்டாள். கார் காதில் வாங்கவில்லை. வழுக்கிய வண்டியை மகளின் கைகள்தான் அலட்டிக்கொள்ளாமல் நேராக்கின. அந்தக் கைகளைப் பார்த்தபடியே சாந்தாமணி உட்கார்ந்திருந்தாள். ஏழாவது முடிந்ததும், "இன்னொண்ணு போலாமா கண்ணு?" என்றாள்.

லைசென்ஸ் வந்தது. மகிழினி பின்னாளில் தடத்தில் டயர் மாற்றும் எபினேசரைக் கட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் பந்தயம் ஓட்டப் போனாள். அத்தனை கத்திய அம்மாவோ, தானாக ஓடும் காரை விற்றுவிட்டு, பந்தயத் தடத்துக்கு எதிரிலேயே குடிபோய்விட்டாள்.