சித்தப்பா கொடுத்த டிக்கெட்

"இந்த டிக்கெட்ல நீங்க போக முடியாதும்மா."

விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

எதிரே நின்ற தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா? என் பேர்லதானே இருக்கு?"

"பேர் உங்களோடதுதான். ஆனா இது காசு கட்டி எடுத்த டிக்கெட் இல்ல. எங்க விமானத்துல அடிக்கடி போறவங்களுக்கு, போற தூரத்துக்கு ஏத்த மாதிரி மைல்கள் சேரும். அப்படி ஒருத்தர் சேர்த்த மைல்கள்ல உங்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்காரு. அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"சித்தப்பா." ஏஜென்ட் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள்.

"சித்தப்பா பேரு?"

தையல்காரி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை அவன் சொல்லித் தரவில்லை.

"மைல்களைச் சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கலாம்மா, விற்கக் கூடாது. இந்தச் சித்தப்பாவுக்கு இந்த மாசம் மட்டும் ஏகப்பட்ட அண்ணன் மகள்கள் முளைச்சிருக்காங்க. அதான் கம்ப்யூட்டரே மடக்கிடுச்சு."

தையல்காரி உடைந்துவிட்டாள்.

"மைலு கியிலெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பாதி விலைக்குத் தர்றேன்னு ஏஜென்ட் சொன்னான். கம்மலை வித்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் அங்க வெல்டரா இருக்காரு. சாரம் சரிஞ்சு விழுந்துட்டாரு. நாளைக்குத் தலையில ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை முகத்தைப் பார்த்துடறேனேம்மா..."

ஏஜென்டுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

"நான் என்ன பண்ண முடியும்? கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது.

"நெஞ்சுல ஈரமே இல்லாதவ!"

பக்கத்துக் கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டிருந்த கோட்டுக்காரர் பொங்கிவிட்டார்.

"ஏங்க, நீங்களும் ஒரு பொம்பளைதானே? புருஷன் உயிருக்குப் போராடறான்னு அந்தம்மா கதறுது, உங்களுக்கு ரூல்ஸ் பெருசாப் போச்சா? நான் வாராவாரம் இதே விமானத்துல போறவன். உங்க மேலிடம் வரைக்கும் எனக்குப் பழக்கம். இந்தம்மாவை ஏத்தாம இன்னிக்கு விமானம் கிளம்பக் கூடாது, சொல்லிட்டேன்!"

வரிசையே கைதட்டியது. ஒருவர் செல்போனை எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பித்தார்.

தையல்காரி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் சார்."

அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கித் தட்டச்சு செய்துகொண்டிருந்த இளைஞனின் விரல்கள் சட்டென்று நின்றன.

"மேடம்... இங்க கொஞ்சம் பாருங்களேன்."

அதிகாரி எட்டிப் பார்த்தாள். தன் திரையைப் பார்த்தாள். பிறகு கோட்டுக்காரரைப் பார்த்தாள்.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தம்மாவோட டிக்கெட் உங்க கணக்குலேர்ந்துதான் போயிருக்கு. அண்ணன் மகள்னு நீங்களே பதிஞ்சிருக்கீங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே ஏத்தி விடறேன்."

கைதட்டல் பாதியில் நின்றது.

கோட்டுக்காரர் தன்னைப் படம்பிடிக்கும் செல்போனைப் பார்த்தார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"எனக்கு அண்ணனே கிடையாதுங்க! இவங்க யாருன்னே தெரியாது. என் கணக்கை யாரோ திருடியிருக்காங்க. இந்தப் பொம்பளையும் அந்தக் கூட்டத்துல ஒருத்தியாத்தான் இருக்கணும். போலீஸைக் கூப்பிடுங்க!"



கும்பிட்ட கையை இறக்கக்கூடத் தோன்றவில்லை தையல்காரிக்கு.

"சார்... இப்பதானே எனக்காகப் பேசினீங்க?"

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரியின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "சரி சார். திருட்டுன்னா கணக்கை உடனே முடக்கிடறேன். அதுல எடுத்த எந்த டிக்கெட்டும் செல்லாது. நீங்க இன்னிக்குப் போற டிக்கெட்டும் அதுல எடுத்ததுதான். போலீஸ் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அந்த பெஞ்சுல உட்காருங்க."

"ஐயோ, காலையில எனக்கு முக்கியமான மீட்டிங்!"

"அப்போ யோசிச்சுச் சொல்லுங்க."

கோட்டுக்காரர் யோசித்தார். அப்போதுதான் முதல் தடவையாகத் தையல்காரியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அது வந்து... ஒன்னுவிட்ட அண்ணன் ஒருத்தர் இருக்காரு. அவர் பொண்ணுதான். கண்ணாடி போடல பாருங்க, சட்டுனு அடையாளம் தெரியல."

ஒருவரும் சிரிக்கவில்லை. படம்பிடித்தவர்கூட வாயைத் திறந்தபடி நின்றார்.

அதிகாரி மறுபேச்சுப் பேசாமல் இரண்டு போர்டிங் பாஸ்களை அடித்துக் கொடுத்தாள். தையல்காரி தன்னுடையதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். கோட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனார்.

இருவரும் மறைந்ததும் இளைஞன் மெதுவாகக் கேட்டான்.

"பச்சைப் பொய்னு தெரிஞ்சும் நீங்களா மேடம் விட்டீங்க?"

"அவர் கணக்கை நாளைக்கு மூடிக்கலாம்ப்பா." அதிகாரி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தம்மாவை ஏத்திவிட ஒரு பொய்யாவது கிடைக்காதான்னு இவ்வளவு நேரம் நான் தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும்."