மூன்று மொழிப் பலகை

"நட்ட பலகையை எவன்யா புடுங்கினது?"

சக்கரபாணி போட்ட சத்தத்தில் கழிமுகத்து மணலில் ஓடிக்கொண்டிருந்த நண்டுகள் வளைக்குள் போய்விட்டன. வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் மட்டும் தலையைத் தூக்கவில்லை. பலகை நின்ற இடத்தில் வெறும் மணல்தான் இருந்தது.

ஆற்று வாயில் இருந்த அந்தக் குப்பத்தின் தலைவர் ராஜாங்கம் நிதானமாக எழுந்து, லுங்கியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க சார். காரைக்கால்லேருந்து எப்ப வந்தீங்க?"

"அது கெடக்கட்டும். பலகை எங்க?"

"பத்திரமாத்தான் சார் இருக்குது."

சக்கரபாணி மீன்துறையில் ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். குப்பம் குப்பமாகப் போய், மீன் குஞ்சைப் பிடிக்காதீர்கள் என்று ஸ்லைடு காட்டுவதும் நோட்டீஸ் கொடுப்பதும் அவர் வேலை. இந்தக் குப்பத்தார் அதைக் கேட்டுக்கொண்டார்கள். குஞ்சு வளரும் மாதங்களில் கழிமுகத்தில் வலை போடுவதில்லை என்று பஞ்சாயத்தில் முடிவே செய்துவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள்தான் கொசுவலையோடு வந்து இறால் குஞ்சை வாரிக்கொண்டு போய்ப் பண்ணைகளுக்கு விற்றார்கள்.

அவர்களுக்காகத்தான் பலகை. 'இக்கழிமுகத்தில் இறால் குஞ்சுகள் இலட்சக்கணக்கில் வளர்கின்றன. இங்கு வலை வீசுவது குற்றம்' என்ற வாசகம் சக்கரபாணி ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுதியது. புதுச்சேரி ஆயிற்றே என்று தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கீழே பிரெஞ்சிலும் எழுதவைத்தார். பிரெஞ்சு படித்தவர் எவரும் அதுவரை இறால் குஞ்சு பிடிக்க வந்ததில்லை. இருந்தாலும் ஒரு மரியாதை.

பலகையை நட்ட மறுநாளே அவரைக் காரைக்காலுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து நேற்றுத் திரும்பியபோது ஆபீசில் மாலை போடாத குறைதான். கழிமுகத்தில் இப்போது வெளியூர் வலை ஒன்றுகூட இல்லையாம், இறால் பெருகிவிட்டதாம். ஆபீசிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை. பெரிய மார்க்கெட்டில் இறால் வந்து இறங்குவதைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். எல்லாம் பலகையின் புண்ணியம் என்று டைரக்டரே சொல்லிவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு, டெல்லி அதிகாரி ஒருவரை அழைத்துக்கொண்டு பலகையைப் பார்க்க வருகிறார். பார்த்துவிட்டுப் போனதும் சக்கரபாணிக்கு வேலை நிரந்தரம்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்கய்யா." சக்கரபாணியின் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு இங்க பலகை நிக்கலேன்னா என் வேலை போச்சு. ஆறு வருஷமும் போச்சு."

ராஜாங்கம் வலைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"கவலைப்படாதீங்க சார். நாளைக்குப் பத்து மணிக்கு நட்டுடறோம்."

"இப்பவே நடுங்க."

"இப்ப வேணாம் சார். பத்து மணிக்கு நடுவோம், பதினோரு மணிக்குப் புடுங்கிடுவோம்."

"ஒரு மணி நேரத்துக்கா? இது இன்னா வாடகைப் பந்தலா?"

"அதுக்கு மேல ஊர் ஒத்துக்காது சார். பலகை இங்க நிக்கக் கூடாதுன்னு பஞ்சாயத்துல பேசி முடிச்சது."

இந்த ஜனங்களுக்காக ஸ்லைடு மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த மணலில் எத்தனை நடை நடந்திருப்பார்!

"நன்றி கெட்டவங்கய்யா நீங்க! பலகை வர்றதுக்கு முன்னால வெளியூர்க்காரன் எத்தினி பேர் வந்தான்?"

"பதினஞ்சு இருவது பேரு வருவாங்க."

"பலகை வந்த பொறவு?"

ராஜாங்கம் லுங்கியில் இல்லாத மணலை மறுபடியும் தட்டினார்.

மார்க்கெட்டுக்குப் போக மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்ற அஞ்சலாட்சிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"தலைவரே, அந்த மனுசன் அழுதுடுவாரு போலிருக்கு. காட்டிடுங்க."

"மனசு கஷ்டப்படுவாரும்மா."

"இப்ப மட்டும் சந்தோஷமாவா நிக்கிறாரு?"

கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளே முன்னால் நடந்தாள். சக்கரபாணி பின்னால் போனார். தாழம்புதரைத் தாண்டி மணல்மேட்டில் ஏறியதும் வடக்கே ஊர்ச் சாக்கடை வந்து விழும் இடம் தெரிந்தது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. சக்கரபாணி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இங்க மீனைப் பார்த்து இருவது வருஷம் ஆச்சு சார்," என்றாள் அஞ்சலாட்சி.

அந்தச் சாக்கடைக் கரையில், எழுத்து மங்காமல் புதுப் பெயிண்ட் அடித்து, கழி சாயாமல் கல் அண்டக் கொடுத்து, சக்கரபாணியின் பலகை நிமிர்ந்து நின்றது. அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வெளியூர்க்காரர்கள் இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் இறங்கி, மும்முரமாகக் கொசுவலை போட்டு அரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு நாள் அரிச்சுப் பார்த்துட்டுப் போயிடுவாங்க, அடுத்த வாரம் வேற கூட்டம் வரும்," என்றாள் அஞ்சலாட்சி. "நீங்க நட்ட எடத்துல நின்னப்ப, படிச்சுப் பார்த்துட்டு ஒரே வாரத்துல எழுவது பேரு எறங்கிட்டாங்க சார், அதான், ஒரு மணி நேரத்துக்கு மேல பலகையை அங்க வெக்க முடியாதுங்கிறோம்."