இலையும் குச்சியும்

அந்த வருஷம் பச்சைக்காய் கலக்காமல் காப்பிப் பழம் பறித்தவர் என்று, கொட்டச்சேட்டு எஸ்டேட் ஒன்றில் சின்னனுக்குக் கம்பளி போர்த்தினார்கள். கூட்டம் கைதட்டியது. மகள் திவ்யாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினால், எடை போடும் இடத்தில் அம்மா மலர் வழக்கம்போல அப்பாவின் கூடையைச் சாக்கில் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள மலரு, பரிசு வாங்கின மனுசன் மேலயும் சந்தேகமா?" என்று கூடப் பழம் பறிக்கும் லட்சுமி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"இலையும் குச்சியும் நொம்பக் கெடக்குதுங்க," என்றாள் மலர், தலை நிமிராமல்.

சின்னனும் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். திவ்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பாவை ஏம்மா நாலு பேரு முன்னால அசிங்கப்படுத்தறே?"

மலர் கிளறிக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டாம் வகுப்பில் ஜெயமேரி டீச்சர் மரபியல் நடத்தினார்.

"சிவப்பும் பச்சையும் சில பேருக்குப் பிரிச்சுத் தெரியாது. பிறவியிலேயே வர்றது. பல பேருக்கு அது தனக்கு இருக்கிறதே தெரியாது. அப்பாவுக்கு இருந்தா மக அதைச் சுமந்தே தீருவா. ஆனா வெளியே காட்டாது."

புள்ளிப் படம் ஒன்றைக் கொடுத்து, வீட்டில் எல்லோரிடமும் காட்டிவரச் சொன்னார். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்பில் எட்டு என்ற எண்.

"இதுல என்ன நம்பருங்கப்பா?"

சின்னன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெறும் புள்ளிதான சாமி?"

அடுப்படியிலிருந்து ஓடி வந்த மலர் படத்தைப் பிடுங்கினாள். "தண்ணி காஞ்சிருச்சு, போய்க் குளிங்க."

அவர் போனதும் திவ்யா கேட்டாள். "அப்போ நீ பொறுக்கினது இலையும் குச்சியும் இல்லியாம்மா?"

"மெல்லப் பேசு கண்ணு. கல்யாணமான புதுசுல பச்சைக்காய் கலந்துச்சுன்னு எடை எழுதற ரைட்டர் திட்டிட்டாரு. மனுசன் ரெண்டு நாள் சோறு திங்கல. அவருக்குத் தெரிய வேண்டாம்."

பதினெட்டு வருஷக் கேலியையும் அம்மா ஒருத்தியே வாங்கிக்கொண்டிருக்கிறாள். திவ்யா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் டீச்சர் கேட்டார். "திவ்யா, உங்க வீட்டுல யாருக்காவது?"

"யாருக்கும் இல்லீங்க டீச்சர். எங்கப்பா சுத்தமாப் பழம் பறிச்சு எஸ்டேட்டுலயே பரிசு வாங்கினவருங்க."

பின் பெஞ்சிலிருந்து லட்சுமியின் மகள் விடவில்லை. "பின்னே உங்கம்மா எதுக்குடி தினமும் அவரு கூடையைக் கிளறுது?"

"இலையும் குச்சியும் நொம்பக் கெடக்குது," என்றாள் திவ்யா, நிமிர்ந்த தலையோடு.